கிரெடிட் என்றால் கடனா? பட்டப்படிப்புக் கணக்கைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள்

கிள்ளான் வட்டாரத்திலிருந்து ஓர் அம்மா என் அலுவலகத்திற்கு வந்தார். தொழிற்சாலையில் வேலை. இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வந்திருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. மகள் படித்த தனியார் கல்லூரியிலிருந்து வந்த கடிதங்கள், கட்டண ரசீதுகள், பி.டி.பி.டி.என். கடன் அறிக்கை எல்லாம் அதற்குள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. மகள் நான்கு பருவம் சைக்காலஜி படித்துவிட்டுப் பாதியில் நின்றுவிட்டாள். லாரி ஓட்டும் அப்பாவுக்கு முதுகில் அடிபட்டு வேலை இல்லை. கல்லூரிக் கட்டணம் பாக்கி.

பைக்குள் இருந்து ஒரு தாளை எடுத்து விரலால் காட்டினார்.

"லாயர் சார், இதுல அறுபத்தாறு கிரெடிட்னு போட்டிருக்கு. இவ்வளவு கிரெடிட்டையும் நாங்க கட்டணுங்களா?"

எனக்குச் சற்று நேரம் பதில் வரவில்லை.

அவர் கேட்டதில் தவறு ஒன்றும் இல்லை. நம் வீடுகளில் கிரெடிட் என்றால் கடன்தான். மோட்டார் சைக்கிளை கிரெடிட்டில் எடுத்தோம், ஐஸ்பெட்டியை கிரெடிட்டில் எடுத்தோம், தவணை தவறினால் கம்பெனி ஆள் வாசலில் வந்து நிற்பான். அதே சொல்லைப் பிள்ளையின் எஸ்.பி.எம். முடிவு வரும் நாளில் வேறு பொருளில் கேட்கிறோம். "எத்தனை கிரெடிட்?" என்று பக்கத்து வீட்டுக்காரர் விசாரிக்கிறார். பிள்ளை கல்லூரிக்குப் போனதும் அதற்கு மூன்றாவதாக ஒரு பொருள் வந்து சேர்கிறது. அந்த மூன்றாவது பொருளை நமக்கு யாரும் விளக்கிச் சொல்வதில்லை. கல்விக் கண்காட்சியில் சிரித்துக்கொண்டே பாரத்தை நீட்டும் ஆள் நிச்சயம் சொல்ல மாட்டார்.

"அக்கா, இது நீங்க கட்ட வேண்டியது இல்ல. உங்க மக உழைச்சுச் சேர்த்தது. அவ கணக்குல இருக்கிற வரவு" என்றேன். அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. அடுத்த தாளை நான் படித்ததும் அது போய்விட்டது. மகள் வேறொரு கல்லூரியில் மாலை நேரச் சமூக அறிவியல் பட்டப்படிப்புக்கு மனுச் செய்திருக்கிறாள். அவள் சேர்த்து வைத்திருந்த 66 கிரெடிட்டில் 27-ஐ மட்டுமே அந்தக் கல்லூரி ஏற்றுக்கொண்டது. மீதி 39 போயிற்று.

இதை ஒரு குடும்பத்தின் கெட்ட நேரம் என்று ஒதுக்கிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. நில விவகாரத்தில், இ.பி.எஃப். பணத்தில், தோட்டத்து வீட்டு விவகாரத்தில் நம்மவர்கள் படிக்காத தாளில் கையெழுத்துப் போட்டு ஏமாந்த கதைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இப்போது அந்தத் தாள் கல்லூரியிலிருந்து வருகிறது. ஆங்கிலத்தில் வருகிறது, பல பக்கங்களில் வருகிறது. ஆகவே வாசகர்களே, சற்றுப் பொறுமையாகப் படியுங்கள். கணக்கு கொஞ்சம் இருக்கிறது.

முதலில் எஸ்.பி.எம். கிரெடிட். சான்றிதழில் சி அல்லது அதற்கு மேல் எடுத்த ஒவ்வொரு பாடமும் ஒரு கிரெடிட். தாளில் மலாயில் 'கெபுஜியான்' என்றோ அதைவிட உயர்ந்த சொல்லோ இருக்கும். டி, இ என்றால் 'லூலுஸ்', அதாவது வெறும் தேர்ச்சி. அது கிரெடிட் ஆகாது. ஜி தோல்வி. டி-யையும் சேர்த்து எண்ணிக்கொண்டு "என் பையனுக்கு ஆறு கிரெடிட்" என்று சொல்லும் பெற்றோர்களைப் பார்த்திருக்கிறேன். கல்லூரி வாசலில்தான் அது நான்கு என்று தெரிய வருகிறது.

எஸ்.பி.எம். முடித்ததும் நேரடியாகப் பட்டப்படிப்பில் சேர முடியாது. இடையில் ஒரு படி வேண்டும். தனியார் கல்லூரிகளில் பொதுவாக டிப்ளோமாவுக்கு 3 கிரெடிட், பவுண்டேஷன் என்னும் அடித்தளக் கல்விக்கு 5 கிரெடிட் கேட்கிறார்கள். உளவியல் என்று வந்தால் ஆங்கிலத்திலும் கணிதத்திலும் என்ன எடுத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை தனியாக இருக்கலாம். அதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். எழுத்தில் கேளுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏதேனும் ஐந்து பாடங்களில் கிரெடிட் என்று கேட்கும் இடத்தில் தமிழ்மொழி கிரெடிட்டும் ஒரு கிரெடிட்தான். "தமிழ் எடுத்து என்ன ஆகப் போகிறது?" என்று பள்ளியில் யாராவது சொன்னால், அது வாயிற்கதவைத் திறக்கும் ஐந்து சாவிகளில் ஒன்று என்று சொல்லுங்கள். 2009-இல் எஸ்.பி.எம்.-மில் பத்துப் பாடங்களுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தபோது தமிழும் தமிழ் இலக்கியமும் அடிபடும் நிலை உண்டானது. நம் அமைப்புகள் விடாமல் குரல் கொடுத்த பிறகே கூடுதலாக இரண்டு பாடங்களுக்கு வழி பிறந்தது. அன்று போராடிப் பெற்றதை இன்று பாடத் தேர்வுப் பாரத்தில் நாமே கைவிட்டால் யாரைக் குறை சொல்வது?

மலாய்மொழி பற்றியும் ஒரு வார்த்தை. அதில் கிரெடிட் இல்லாவிட்டாலும் தனியார் கல்லூரி சேர்த்துக்கொள்ளும். ஆனால் அரசாங்கப் பல்கலைக்கழகக் கதவு திறக்காது. நாளை பட்டம் வாங்கினாலும் பட்டதாரி நிலையில் அரசாங்க வேலைக்கு மனுச் செய்ய முடியாது. சமூக அறிவியல் படித்தவர்களுக்குப் பெரிய முதலாளி அரசாங்கம்தான். ஆகவே இந்த ஒரு கிரெடிட் தவறியிருந்தால் அந்தத் தாளை மட்டும் மறுபடி எழுத வழி இருக்கிறது. வெட்கப்படாமல் எழுதச் சொல்லுங்கள். வரலாறு பாடத்தில் 2013 முதல் தேர்ச்சி இல்லாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இனி இரண்டாவது கிரெடிட், அதாவது அந்த அம்மாவைக் குழப்பியது.

நாட்டின் தகுதிக் கட்டமைப்பின்படி ஓர் இளங்கலைப் பட்டத்திற்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். டிப்ளோமாவுக்குக் குறைந்தது 90. உளவியலோ, சமூகவியலோ, மானிடவியலோ, அரசியல் அறிவியலோ, எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான். இந்தக் கிரெடிட் மார்க் அல்ல, நேரம். ஒரு கிரெடிட் என்பது மாணவர் படிப்புக்காகச் செலவிடும் 40 மணி நேரம். விரிவுரை, குழு வகுப்பு, நூலகத்தில் படிப்பது, கட்டுரை எழுதுவது, தேர்வு எல்லாம் அதில் அடக்கம். 120 கிரெடிட் என்றால் 4,800 மணி நேரம்.

இதை நம் வீட்டுக் கணக்காக மாற்றிப் பார்ப்போம். ஒரு பருவத்திற்கு ஐந்து பாடம், ஒவ்வொன்றும் 3 கிரெடிட், மொத்தம் 15. அதாவது 600 மணி நேரம். வகுப்பு நடக்கும் 14 வாரத்துக்குப் பிரித்தால் வாரத்திற்கு ஏறக்குறைய 43 மணி நேரம் வருகிறது. 2023 ஜனவரி முதல் நம் நாட்டுத் தொழிலாளர் சட்டத்தில் ஒரு தொழிலாளியின் வாராந்திர வேலை நேரத்துக்கு வரம்பு 45 மணி. கணக்கு புரிகிறதா? முழுநேரம் படிக்கும் பிள்ளை முழுநேர வேலை செய்கிற ஆளுக்குச் சமம். ஆனால் வீட்டில் நாம் என்ன நினைக்கிறோம்? "வாரத்துக்கு நாலு நாள்தான் கிளாஸ், சும்மாதானே இருக்கே, கடையில நின்னு நாலு காசு சம்பாதிக்கலாமே." பிள்ளையும் பேரங்காடியில் இரவு பத்து மணிவரை நிற்கிறாள். அந்த 43 மணி நேரத்தில் பாதியைத்தான் படிப்புக்குக் கொடுக்க முடிகிறது. பருவத் தேர்வில் இரண்டு பாடம் போய்விடுகிறது.

நான் பெற்றோர்களைக் குறை சொல்லவில்லை. வேறு வழியில்லாமல்தான் பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள். அப்படியென்றால் சேரும்போதே ஒரு பருவத்திற்கு மூன்று பாடம் எடுத்து நிதானமாகப் போக முடியுமா, அப்படிப் போனால் பி.டி.பி.டி.என். கடன் என்ன ஆகும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தோற்ற பாடத்தை மறுபடி எடுக்க மறுபடி பணம் கட்ட வேண்டும். தேர்ச்சிப் புள்ளி 2.00-க்குக் கீழே இறங்கினால் கடன் தொகை வருவது நின்றுபோகலாம். படிப்பை விட்டாலும் கடன் விடாது. அந்த அம்மா வைத்திருந்த தாள்களில் உண்மையான கடன் அதுதான்.

சைக்காலஜியைப் பற்றி இன்னொரு தவறான எண்ணம். மனசைப் பற்றிய படிப்பு, பேசத் தெரிந்தால் போதும், கணக்கு இருக்காது என்று நினைத்து நம் பிள்ளைகள் நிறையப் பேர் சேர்கிறார்கள். உள்ளே போனதும் புள்ளியியல் வருகிறது. அதை முடித்தால்தான் ஆய்வு முறை. ஆய்வு முறையை முடித்தால்தான் இறுதி ஆண்டு ஆய்வேடு. சங்கிலி மாதிரி ஒன்றோடு ஒன்று கோத்திருக்கிறது. புள்ளியியலில் தோற்று, அந்தப் பாடம் வருடத்துக்கு ஒரு முறைதான் நடக்கிறது என்றால், ஒரு வருடமே பின்னால் போய்விடும். பிறகு சம்பளமில்லாத தொழிற்பயிற்சி. அதற்கும் கிரெடிட் உண்டு, பஸ் காசு மட்டும் இல்லை. எஸ்.பி.எம். கணிதத்தில் தட்டுத்தடுமாறி டி எடுத்த பிள்ளையைச் சேர்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த ஒரு பாடத்திற்கு முதல் நாளிலிருந்தே தனியாக உதவி தேடிக் கொடுங்கள் என்கிறேன். வீணாகும் பருவக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் டியூஷன் காசு மலிவு.

இப்போது அந்த 39 கிரெடிட் எங்கே போயிற்று என்று பார்ப்போம்.

ஒரு கல்லூரியில் சேர்த்த கிரெடிட்டை இன்னொரு கல்லூரிக்கு மாற்றலாம். ஆனால் நிபந்தனை உண்டு. அந்தப் பாடத்தில் குறைந்தது சி எடுத்திருக்க வேண்டும். இரண்டு கல்லூரிகளின் பாடத்திட்டமும் 80 விழுக்காடாவது ஒத்துப்போக வேண்டும். அந்தப் பெண் மூன்று பாடங்களில் சி-க்குக் கீழே எடுத்திருந்தாள். பழைய கல்லூரியில் அது தேர்ச்சிதான், ஆகவே 66-இல் சேர்ந்திருந்தது. புதிய இடத்தில் செல்லாது. உளவியலுக்கே உரிய வேறு சில பாடங்களுக்குப் புதிய படிப்பில் இணையான பாடமே இல்லை. இன்னும் சிலவற்றுக்குப் பாடத்திட்ட விவரம் கேட்டார்கள். பழைய கல்லூரி அதைக் கொடுக்கவில்லை. பாக்கியைக் கட்டினால்தான் மதிப்பெண் பட்டியலின் முறையான பிரதியே கிடைக்கும் என்றது.

39-ஐ 40-ஆல் பெருக்கிப் பாருங்கள். 1,560 மணி நேரம். பத்தொன்பது வயதிலும் இருபது வயதிலும் ஒரு பெண் பஸ் ஏறி, இரவு வேலை பார்த்துவிட்டு வந்து, தூக்கத்தை விட்டுக் கொடுத்த நேரம். ஒரு கிரெடிட்டுக்கு 300 வெள்ளி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால்கூட 11,700 வெள்ளி.

நான் கடிதம் எழுதினேன், பேசினேன். பாக்கியைத் தவணையில் கட்ட ஒப்புக்கொண்டார்கள், மதிப்பெண் பட்டியல் கிடைத்தது. ஆனால் போன கிரெடிட்டை வழக்கறிஞர் கடிதத்தால் திருப்பிக் கொண்டுவர முடியாது. ஆகவேதான் முன்கூட்டியே சொல்கிறேன். ஒவ்வொரு பருவமும் முடிந்ததும் மதிப்பெண் பட்டியலையும் ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பாக்கி இல்லாத நேரத்தில் வாங்குவது சுலபம். மண்வெட்டியை வெள்ளம் வந்த பிறகு தேடக் கூடாது.

அங்கீகாரத்தையும் பார்க்க வேண்டும். முன்பு இருந்த தேசிய அங்கீகார வாரியத்துக்குப் பதிலாக எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி நிறுவனம் 2007 நவம்பர் 1-இல் வந்தது. அதே மாதம் 25-ஆம் தேதி நம் மக்கள் கோலாலம்பூர் வீதியில் நின்று கண்ணீர்ப்புகையையும் நீர் பீரங்கியையும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அன்று நாம் கேட்டவற்றில் கல்வியும் இருந்தது. கல்லூரி விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் எம்.கியூ.ஏ. எண் ஒன்று இருக்கும். எஃப்.ஏ. என்று தொடங்கினால் முழு அங்கீகாரம். பி.ஏ. என்று இருந்தால் தற்காலிக அங்கீகாரம், அதாவது படிப்பை நடத்த அனுமதி உண்டு, முழு மதிப்பீடு இன்னும் முடியவில்லை. தானே அங்கீகாரம் வழங்கும் தகுதி பெற்ற பல்கலைக்கழகங்களுக்கு எண் வேறு மாதிரி இருக்கும். தற்காலிகம் என்றால் மோசடி என்று பொருள் அல்ல. ஆனால் முதல் கூட்டத்து மாணவர்களாக உங்கள் பிள்ளை போகிறாள் என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். மலேசியத் தகுதிப் பதிவேட்டில் படிப்பின் பெயரைத் தட்டினால் எத்தனை கிரெடிட், எந்த அங்கீகாரம் எல்லாம் வந்துவிடும். இண்டர்நெட் தெரிந்த பிள்ளைதானே, அவளையே தேடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. 120 கிரெடிட் முடித்து உளவியல் பட்டம் வாங்கினால் உடனே ஆலோசகர் ஆகிவிடலாம் என்று நம்பவைக்கிறார்கள். 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி 'கவுன்சலர்' என்று பெயர்ப்பலகை போடப் பதிவு வேண்டும், அதற்கு ஆலோசனைத் துறைக்கே உரிய தகுதி வேண்டும். மருத்துவ உளவியலாளராக வேண்டுமானால் முதுகலையும் 2016-ஆம் ஆண்டு துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின்கீழ் பதிவும் தேவை. இளங்கலை உளவியல் நல்ல படிப்புதான். மனிதவளம், சமூகப் பணி, ஆய்வு, ஆசிரியர் பயிற்சி என்று பல பக்கம் போகலாம். ஆனால் அது பாதி வழி என்பதைத் தெரிந்தே போக வேண்டும். பணத்தை நான்கு ஆண்டுக்கு எண்ணி வைத்துவிட்டு ஆறாவது ஆண்டில் விழிக்கக் கூடாது.

இவ்வளவு தடைகளையும் சொல்லிவிட்டு, மலிவான வாசலைச் சொல்லாமல் விட்டால் நான் தவறு செய்தவன் ஆவேன். அது ஆறாம் படிவம்.

ஒவ்வோர் ஆண்டும் நம் பத்திரிகைகளும் கட்சிகளும் மெட்ரிகுலேஷன் இடத்துக்காக மோதிக்கொள்கின்றன. 90-க்கு 10 என்ற ஒதுக்கீடு அநியாயம் என்பதில் எனக்கும் மறுகருத்து இல்லை. 2024 ஜூனில், எஸ்.பி.எம்.-மில் 10 ஏ-யும் அதற்கு மேலும் எடுத்த எல்லா இனத்தவருக்கும் இடம் என்று பிரதமர் அறிவித்ததும் ஒரு முன்னேற்றம்தான். ஆனால் கவனித்தீர்களா, மெட்ரிகுலேஷனில் கலைப் பிரிவே கிடையாது. அறிவியல், பொறியியல், கணினி, கணக்கியல், அவ்வளவுதான். ஐந்தாறு கிரெடிட்டோடு கலைப் பிரிவில் இருக்கும் நம் பிள்ளைக்கு அந்தச் சண்டையில் வென்றாலும் தோற்றாலும் ஒன்றும் இல்லை. அவளுக்குரிய வழி எஸ்.டி.பி.எம். அரசாங்கப் பள்ளியிலேயே மூன்று பருவம், ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு. பொது அறிவுப் பாடத்திலும் வேறு இரண்டு பாடங்களிலும் சி, அதாவது 2.00, எடுத்து, மொத்தப் புள்ளியும் 2.00-க்குக் குறையாமல், எம்.யு.இ.டி. ஆங்கிலத் தேர்வும் எழுதி, எஸ்.பி.எம். மலாயில் கிரெடிட்டும் இருந்தால் அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு மனுச் செய்யும் பொதுத் தகுதி வந்துவிடும். இது குறைந்தபட்சம்தான். போட்டியில் இடம் கிடைக்க இதைவிட நிறைய வேண்டும். அந்த 'வேறு இரண்டு பாடங்களில்' தமிழ்மொழியும் ஒன்றாக இருக்கலாம்.

உளவியல் என்றால் யூ.கே.எம்., யூ.எம்.எஸ். போன்ற இடங்களில் இருக்கிறது. சமூக அறிவியலுக்கு மலாயாப் பல்கலைக்கழகமும் பினாங்கில் யூ.எஸ்.எம்.-மும் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தின் கலை, சமூக அறிவியல் புலத்திற்குள்தான் நம் இந்திய ஆய்வியல் துறையும் இருக்கிறது. அந்தத் துறை உருவான 1950-களில் அங்கே தமிழுக்கு முதலிடம் வேண்டும் என்று 'தமிழ் முரசு' கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று சொல்லி நிதி திரட்டினார். பால்மரக் காட்டில் வேலை செய்தவர்கள் கூலியிலிருந்து வெள்ளி வெள்ளியாகக் கொடுத்தார்கள். கொடுத்தவர்களில் பலர் பல்கலைக்கழக வாசலைப் பார்த்ததுகூட இருக்காது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று "ஆறாம் படிவம் கஷ்டம், ஒன்றரை வருடம் வீண்" என்று யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு, கடன் வாங்கித் தனியார் கல்லூரிக்குப் போகிறார்கள். வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

"சரி லாயரே, டாக்டர், இஞ்சினியர் இருக்க, சைக்காலஜி எல்லாம் நமக்கு எதற்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. கோயில் கூட்டங்களில் இதை நேரிலேயே கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நீதிமன்றத்தில் நடப்பதைச் சொல்ல வேண்டும்.

பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பையன் ஒரு குற்றத்தில் மாட்டினால், 2001-ஆம் ஆண்டு சிறுவர் சட்டப்படி, தண்டனை பற்றி முடிவு செய்வதற்குமுன் நீதிமன்றம் நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையைப் பார்க்க வேண்டும். பையனின் நடத்தை, வீட்டுச் சூழ்நிலை, பள்ளிப் பதிவு, மருத்துவ வரலாறு எல்லாம் அதில் இருக்கும். அவனை வீட்டுக்கு அனுப்புவதா, நல்லொழுக்கப் பள்ளிக்கு அனுப்புவதா என்பதில் அந்த அறிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு. அதை எழுத அதிகாரி வீட்டுக்கு வருகிறார். மலாயில் கேட்கிறார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய அம்மா பயந்துபோய், கேட்டதற்கெல்லாம் "யா, யா" என்கிறார். அல்லது பேசாமல் இருக்கிறார். வீட்டில் அப்பா இல்லை, அம்மா ஒத்துழைக்கவில்லை, கண்காணிப்பு போதாது என்ற பொருளில் அறிக்கை வருகிறது. அந்தப் பையனைப் பாட்டி வளர்க்கிறாள், மாமன் தினமும் வந்து பார்க்கிறான், கோயில் உறுமி மேளக் குழுவில் ஒழுங்காக இருக்கிறான் என்பதெல்லாம் அதில் இல்லை. யாரும் அந்த அம்மாவிடம் அவருக்குப் புரியும் மொழியில் கேட்கவில்லை.

எழுதிய அதிகாரி கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருக்குக் கொடுத்த ஒரு மணி நேரத்தில் அவர் பார்த்ததை எழுதினார். ஆனால் நம் குடும்பம் எப்படி இயங்குகிறது என்று தெரிந்த, தமிழில் பேசத் தெரிந்த ஒருவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் அந்தப் பையனின் இரண்டு ஆண்டுகள் வேறு மாதிரி போயிருக்கலாம். பள்ளி ஆலோசகர் அறையிலும், மருத்துவமனை மனநலப் பிரிவிலும், சிறையிலும் இதே கதைதான். அந்த நாற்காலிகளுக்குப் போகும் வழி இந்த 120 கிரெடிட் வழியாகத்தான் போகிறது. நம் பிள்ளைகள் 66-இல் நின்றுவிட்டால் நாற்காலி காலியாக இருக்காது. வேறு யாராவது உட்காருவார்கள்.

ஆகவே நாம் பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்வதோடு நிறுத்த முடியாது. அரசாங்கத்திடமும் கேட்க வேண்டும். மாணவரைச் சேர்ப்பதற்குமுன் மொத்தக் கிரெடிட், ஒவ்வொரு கிரெடிட்டுக்கும் ஆகும் செலவு, பாதியில் நின்றால் எது செல்லும் எது செல்லாது, பட்டம் முடிந்தபின் எந்தத் தொழிலுக்குப் பதிவு வேண்டும் என்பதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுக்கும்படி ஒவ்வொரு தனியார் கல்லூரியையும் கட்டாயப்படுத்த வேண்டும். பெற்றோருக்குத் தெரிந்த மொழியில் அது இருக்க வேண்டும். வங்கி வீட்டுக்கடன் கொடுக்கும்போது இவ்வளவும் சொல்லித்தானே கையெழுத்து வாங்குகிறது? பாக்கி வைத்த ஏழை மாணவரின் மதிப்பெண் பட்டியலை முடக்கி வைப்பதற்கும் முடிவு வேண்டும். கடனை வசூலிக்க வேறு வழிகள் இருக்கின்றன. உழைத்துச் சேர்த்த கிரெடிட்டைப் பிணையாகப் பிடித்து வைக்கலாமா? நம் பிள்ளைகள் அதிகம் படிக்கும் வட்டாரங்களில் ஆறாம் படிவக் கலைப் பிரிவும் அதில் தமிழ்மொழி வகுப்பும் இருக்கின்றனவா என்று உங்கள் சட்டமன்ற உறுப்பினரைக் கேளுங்கள். பொங்கல் விருந்துக்கு வருவார் அல்லவா, அப்போது கேளுங்கள்.

இதைப் படிக்கும் அம்மாக்களில், அப்பாக்களில் சிலருக்கே படிக்கும் ஆசை இருக்கலாம். 21 வயதுக்கு மேற்பட்டு, தகுந்த வேலை அனுபவம் இருந்தால், ஏ.பி.இ.எல். என்ற மதிப்பீட்டில் தேறி, எஸ்.டி.பி.எம். இல்லாமலேயே பட்டப்படிப்பில் சேர வழி இருக்கிறது. திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் வேலை செய்துகொண்டே படிக்கலாம். பாலர் பள்ளியிலும் முதியோர் இல்லத்திலும் பல ஆண்டுகள் வேலை செய்தவர்களுக்கு அந்த அனுபவமும் ஒரு வரவுதான்.

கிள்ளான் அம்மா போன வாரம் போன் செய்தார். தவணை இன்னும் நான்கு மாதம் இருக்கிறதாம். வீட்டுக்காரர் பாதுகாவலர் வேலைக்குப் போகிறாராம், முதுகுக்குப் பெல்ட் போட்டுக்கொண்டு. மகள் பகலில் ஒரு கிளினிக்கில் வேலை, மாலையில் வகுப்பு. ஒரு பருவத்திற்கு இரண்டு பாடம், சில பருவம் மூன்று.

"இப்ப நாப்பத்திரண்டு ஆயிருச்சுங்க சார்" என்றார். "இன்னும் எழுபத்தெட்டு இருக்கு."